கட்டளை வரிக் கொடிகள்: கப்பல் கொடி முதல் கணினி வரை

கணினி முனையத்தில் தட்டச்சு செய்யப்படும் ஒரு வரிக் கட்டளையில் பொதுவாக மூன்று வகைச் சொற்கள் இருக்கும். முதலாவது, செய்ய வேண்டிய வேலையின் பெயர். இரண்டாவது, அந்த வேலையை எவ்வாறு செய்ய வேண்டும் என்று கூறும் தெரிவுகள். மூன்றாவது, வேலைக்கு உட்படும் கோப்புகள் முதலிய பொருள்கள். ஒரு ஸ்கிரிப்ட் தனக்கு வந்த வரியைப் பிரித்து, எந்தச் சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிவதே கட்டளை வரிப் பாகுபடுத்தல் எனப்படும். பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூல் ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டுவதை ஒத்த வேலை இது. இலக்கணத்தில் தவறாகப் பிரித்தால் பொருள் மாறும். கணினியில் தவறாகப் பிரித்தால் கோப்புகளே அழியக்கூடும்.

இத்தெரிவுகளை ஆங்கிலத்தில் 'ஃபிளாக்', அதாவது கொடி, என்றும் வழங்குவர். சுருக்கமான குறிகளால் செய்தி சொல்லும் வழக்கம் கணினிக்கு மிகவும் முந்தியது. தூத்துக்குடிக் கடற்கரையில் அதன் இரு வடிவங்களைக் காணலாம்.

முத்துக்குளிப்பும் கயிற்றுக் குறியும்

மன்னார் வளைகுடாவில் கொற்கைக் காலந்தொட்டு முத்துக்குளிப்பு நடந்துவந்தது. தூத்துக்குடியில் 1955 முதல் நடைபெற்ற முத்துக்குளிப்புகள் 1961இல் முடிவுக்கு வந்தன. குளிப்பவர் கல் கட்டிய கயிற்றின் துணையோடு கடலடிக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைச் சேர்ப்பார். மேலே வர வேண்டுமென்றால் கயிற்றை இழுப்பார். படகில் கயிறு பிடித்திருப்பவர் உடனே அவரைத் தூக்குவார். நீருக்கடியிலிருந்து சொல்லக்கூடிய சொல் அந்த ஓர் இழுப்பு மட்டுமே. அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. மதிப்பு எதையும் உடன் கேட்காத எளிய தெரிவுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கப்பல் கொடிகளின் இலக்கணம்

கப்பல்கள் சொல்ல வேண்டியவை பலவாதலால், ஓர் இழுப்பு போன்ற ஒற்றைக் குறி அவற்றுக்குப் போதவில்லை. பிரிட்டனின் வணிக வாரியம் 1857இல் வெளியிட்ட குறியீட்டு நூலில் 18 கொடிகளைக் கொண்டு ஏறத்தாழ 70,000 செய்திகள் அமைக்கப்பட்டன. கொடிகள் சேர்ந்து வேண்டாத சொற்களாகிவிடக் கூடாதென்று ஆங்கில உயிரெழுத்துகளை அதில் விட்டுவிட்டனர். பின்னர் வந்த திருத்தத்தில் 26 எழுத்துகளும் இடம்பெற்றன. இன்று வழக்கிலுள்ள பன்னாட்டுக் குறியீடு 1965இல் ஏற்கப்பட்டு 1969இல் நடைமுறைக்கு வந்தது.

இக்குறியீட்டின்படி, துறைமுகத்தை நெருங்கும் கப்பல் 'ஜி' கொடியை ஏற்றினால் தனக்கு வழிகாட்டும் பைலட் தேவை என்று பொருள். 'எச்' கொடி பைலட் கப்பலில் இருப்பதைக் குறிக்கும். மஞ்சள் நிறமான 'க்யூ' கொடி, கப்பலில் நோயில்லை, துறைமுகத்தோடு தொடர்புகொள்ள அனுமதி வேண்டும் என்று கூறும்.

இதே எழுத்துகள் எண்களோடு சேரும்போது பொருள் மாறுகிறது. 'எல்' தனியே நின்றால் "உங்கள் கப்பலை உடனே நிறுத்துங்கள்" என்பது செய்தி. அதன் பின் நான்கு இலக்கங்கள் வந்தால் அது அட்சரேகை. தூத்துக்குடித் துறைமுகத்தின் இருப்பிடத்தை 'எல்' என்ற எழுத்தோடு 0845 என்ற எண்ணும் வடக்குக் குறியும், 'ஜி' என்ற எழுத்தோடு 07813 என்ற எண்ணும் கிழக்குக் குறியும் சேர்த்துச் சொல்லலாம். பைலட்டைக் கேட்ட 'ஜி' இங்கே தீர்க்கரேகையாகிவிடுகிறது. ஆகவே கொடியைப் படிப்பவர் எழுத்தை அறிந்தால் மட்டும் போதாது. அதற்குப் பின் மதிப்பு வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கணினி ஸ்கிரிப்டுகளும் பின்னாளில் இதே கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது.

யூனிக்ஸின் ஒற்றை எழுத்துகள்

1960களில் உருவான மல்டிக்ஸ் இயங்குதளத்தில், சிறுகோட்டில் தொடங்கும் முழுச் சொற்கள் தெரிவுகளாக இருந்தன. அதன்பின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் அவற்றை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியது. 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைக்கு ஐந்து ஒற்றை எழுத்துத் தெரிவுகள் இருந்தன. அக்காலத்து டெலிடைப் 33 போன்ற இயந்திரங்கள் வினாடிக்கு 10 எழுத்துகளே அச்சிட்டன. அந்த வேகத்தில் சுருக்கம் பயனுள்ளதாகவே இருந்தது.

ஆனால் ஒவ்வொரு நிரலும் தன் வரியைத் தன் போக்கில் பிரித்தது. ஒன்று சிறுகோட்டைக் கட்டாயமாக்கியது. 'டார்' போன்ற வேறொன்று அது இல்லாமலும் ஏற்றது. 'டிடி' கட்டளையோ சமக்குறி இட்டு மதிப்புகளைப் பெற்றது. பயனர் ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனி இலக்கணம் கற்க நேர்ந்தது.

பொது இலக்கணம்

இக்குழப்பத்தைத் தீர்க்க, 1980 அளவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் 'கெட்ஆப்ட்' என்னும் பொதுச் செயற்கூறு எழுதப்பட்டது. 1985இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த மாநாட்டில் அதன் மூலநிரல் அனைவரும் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்டது. ஏற்கத்தக்க எழுத்துகளை நிரலர் ஒரு சரமாக எழுதித் தருவார். ஓர் எழுத்தின் பின் முக்காற்புள்ளி இருந்தால் அத்தெரிவுக்கு மதிப்பு வேண்டும் என்று பொருள். கப்பல் கொடிகளில் கண்ட வேறுபாடு இங்கே ஒரே குறியில் அடங்கிவிட்டது.

1986இல் பார்ன் ஷெல்லில் 'கெட்ஆப்ட்ஸ்' சேர்ந்தது. இடைவெளி கொண்ட கோப்புப் பெயர்களைப் பழைய 'கெட்ஆப்ட்' கட்டளை துண்டாக்கிவிடும். இக்குறை புதியதில் நீங்கியது. போசிக்ஸ் தரமும் இந்த விதிகளை ஏற்றது. அவற்றுள் முக்கியமான ஒன்று, தனித்து நிற்கும் இரட்டைச் சிறுகோட்டுடன் தெரிவுகள் முடிந்துவிட்டன என்பது. அதற்குப் பின் வருபவை எந்த எழுத்தில் தொடங்கினாலும் பொருள்களாகவே கொள்ளப்படும். குனூ திட்டம் இரட்டைச் சிறுகோட்டில் தொடங்கும் முழுச்சொல் தெரிவுகளைப் பரப்பியது. பைத்தான் மொழியில் 2003இல் 'ஆப்ட்பார்ஸ்', 2010இல் 'ஆர்க்பார்ஸ்' ஆகிய கூறுகள் வந்தன. உதவிக் குறிப்பையும் பிழைச் செய்தியையும் அவை தாமே உருவாக்கித் தருகின்றன.

பிரிப்பதில் நேரும் பிழைகள்

2011இல் 'பம்பிள்பீ' என்னும் லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், கோப்புகளை அழிக்கும் கட்டளையில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தது. ஒரே பாதையாக இருக்க வேண்டியது இரண்டாகப் பிரிந்தது. மென்பொருள்கள் தங்கியிருக்கும் முதன்மைக் கோப்புறையே அழியும் நிலை உண்டானது.

2012இல் பிஎச்பி மொழியில் வேறொரு குறை வெளிப்பட்டது. சிஜிஐ முறையில் இயங்கும்போது, இணைய முகவரியில் எழுதப்பட்ட சொற்களை அது கட்டளைத் தெரிவுகளாக எடுத்துக்கொண்டது. அதனால் வெளியார் சிறுகோடு சேர்த்து அனுப்பிய எழுத்து, தளத்தின் மூலநிரலையே காட்டிவிடக்கூடும். அக்குறை திருத்தப்பட்டது. ஆயினும் 2024இல் அது மீண்டும் தலைகாட்டியது. கண்ணுக்குப் புலப்படாத 'மென்சிறுகோடு' என்னும் எழுத்தைச் சில மொழி அமைப்புகளில் விண்டோஸ் சாதாரணச் சிறுகோடாக மாற்றியதே அதற்குக் காரணம்.

இவை அனைத்திலும் குறை ஒன்றே. கட்டளை எது, பொருள் எது என்ற எல்லை அழிந்துவிட்டது. கோப்புப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் இடுவது, தெரிவுகள் முடிந்ததும் இரட்டைச் சிறுகோடு இடுவது, அறியாத தெரிவைக் கண்டால் வேலையை நிறுத்துவது ஆகிய மூன்றும் அந்த எல்லையைக் காக்கும் பழக்கங்கள்.

தமிழும் கட்டளை வரியும்

ஒற்றை எழுத்துத் தெரிவு எண்ணாகவோ அடிப்படை ஆங்கில எழுத்தாகவோ இருக்க வேண்டும் என்பது போசிக்ஸ் வழிகாட்டுதல். சி மொழியின் 'கெட்ஆப்ட்' ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணும். யுடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட்டுகள். 'மு' என்ற ஓரெழுத்தோ, மகரமும் உகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட்டுகள். எனவே தமிழ் எழுத்தை ஒற்றைத் தெரிவாகக் கொடுத்தால், பல அறியாத தெரிவுகள் வந்ததாக அது முறையிடும். 1857இன் கொடிப் பட்டியலில் உயிரெழுத்துகளுக்கு இடமில்லாதது போல, இப்பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனே 1992இல் யுடிஎஃப்-8 முறையையும் வடிவமைத்தார். ஆனால் ஒற்றை எழுத்து விதி அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது.

நீண்ட தெரிவுகளுக்கு இத்தடை இல்லை. அவை முழுச் சரமாக ஒப்பிடப்படுபவை. '--ஆண்டு 1961' என்று தெரிவு பெறும் ஸ்கிரிப்டைப் பைத்தானின் 'ஆர்க்பார்ஸ்' கொண்டு இன்றே எழுதலாம். அதன் உதவிக் குறிப்புகளையும் தமிழிலேயே தரலாம். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை மனப்பாடம் செய்யத் தயங்கும் மாணவருக்கு, தாம் இடும் கட்டளையின் பொருள் அதன் சொல்லிலேயே விளங்கும்.