வட்டத்துக்கு நடுவில் ஓர் ஆணி

சேந்தமங்கலத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அரசு தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணினேன். குடம், கூஜா, இலை எல்லாம் அப்படியே வரும். 1990-களின் தொடக்கத்தில் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராகச் சேர்ந்தேன்.

லேலண்ட், டாடா வண்டிகள் அன்று பெரும்பாலும் வெறும் சேசிஸாகத்தான் வந்து நிற்கும். கேபினும் தொட்டியும் நாமக்கல்லில் கட்டுவது. தச்சு, வெல்டிங், பட்டி எல்லாம் முடிந்து கடைசியில்தான் எங்கள் கை.

நேஷனல் பெர்மிட் லாரி எப்படி இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருந்தது. சருகுப் பழுப்பு நிறம், 30 செ.மீ. வெள்ளைக் கரை, இரண்டு பக்கமும் 60 செ.மீ. வட்டத்துக்குள் ‘நேஷனல் பெர்மிட்’. நான் ஆணியடித்து, நூலை இறுக்கிக் கட்டி, சாக்பீஸைச் சுற்றினேன். வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை, இரண்டு விரல் உள்ளே போய்விட்டது. தலைமைப் பெயிண்டர் அண்ணன் பார்த்தார். “நூலு ஆணியில சுத்திக்குதுடா தம்பி. கண்ணியைத் தளர்வா போடு, நூலோட சேர்ந்து அதுவும் திரும்பட்டும்.” ஹையர் தேர்வு வரை எழுதியவனுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பலகைச் சந்தில் எழுத்தின் படுக்கைக் கோடு விழக்கூடாது. பத்தடி தள்ளி நின்றால் கோடே காணாமல் போகும். ஆடிக் காற்றில் தரைக்குத் தண்ணீர் தெளித்த பிறகுதான் எனாமல் டப்பாவைத் திறக்க வேண்டும்.

தமிழ் எழுத்துதான் என்னை அதிகம் படுத்தியது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேபின் நெற்றியில் ‘தத்தகிரி முருகன் துணை’ கேட்டார். பதினோரு எழுத்து என்று பலகையைப் பதினொன்றாகப் பிரித்தேன். ‘ரி’ காலியிடத்தில் தனியாக நின்றது, ‘ணை’ நெரிந்தது. அண்ணன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, முதலில் வலது ஓரத்தில் ‘ணை’யை அகலமாக வைத்தார். அதன்பிறகு இடப்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். என் கண்ணுக்கு அது இன்றும் அழகான எழுத்து. அவரிடம் ஒரு சான்றிதழும் கிடையாது.

பிறகு கம்ப்யூட்டர் ஸ்டிக்கர் வந்தது. பட்டறையில் பிரஷ் பிடிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

சென்ற மாதம் சேந்தமங்கலம் சாலையில் ஒரு பழைய லாரி, பஞ்சருக்கு நின்றிருந்தது. பழுப்பு வெளுத்திருந்தாலும் வட்டம் சிதையவில்லை. நடுவில் விரலை வைத்துத் தடவினேன். ஆணி போன துளைக்கு வைத்த பட்டி, மிளகு அளவுக்கு மேடாக இருந்தது.