குறுந்தூரப் புரொஜெக்டரும் தமிழக வகுப்பறையும்

காஞ்சிபுரத்தின் தென்பகுதியில், பாலாற்றுப் பக்கம் அமைந்த ஊர் ஓரிக்கை. இன்று அது காஞ்சிபுரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. வெளியூர்க்காரர்களுக்கு இங்குள்ள மணிமண்டபம் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்குப் பட்டுத்தறியும் பேருந்துப் பணிமனையும் தெரியும். இத்தகைய நெசவாளர் ஊர்களில் வகுப்பறைக் கருவிகளின் வரலாற்றைப் பேசும்போது கருவியிலிருந்து தொடங்குவது சரியாகாது. பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததே இங்கு ஒரு வரலாறு.

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். உடலையும் ஒரு பக்கக் கரையையும் நெசவாளர் நெய்வார். மறுபக்கக் கரைக்கான நாடாவைத் தள்ளித்தர ஓர் உதவியாள் வேண்டும். அந்த உதவியாள் நெடுங்காலம் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். 2003-இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் காஞ்சிபுரத் தறிகளில் பிணைக்கப்பட்ட சிறுவர்களைப் பற்றி விரிவாகப் பதிவு செய்தது. தறியை விட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பது, ஆகவே, இங்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

இருட்டில் தொடங்கிய படம்

தமிழகத்தில் திரையில் படம் காட்டும் பழக்கம் இரவோடு சேர்ந்தே வளர்ந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். கூடாரத்துக்கு இருட்டு இருந்தது. வகுப்பறைக்கு அது இல்லை. பெரிய சன்னல்கள், காலை வெயில், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் என நம் பள்ளிக் கட்டடங்களில் நல்லவையாகக் கருதப்பட்ட எல்லாமே புரொஜெக்டருக்கு எதிரி. இந்த முரண்பாடு இன்றுவரை முழுமையாகத் தீரவில்லை.

இன்னொரு தொல்லை நிழல். பழைய வகைப் புரொஜெக்டர் திரையின் அகலத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் கேட்கும். 1.7 மீட்டர் அகலப் படத்துக்கு அது இரண்டரை மீட்டருக்கும் மேல். கருவி அறையின் நடுவில் தொங்கும்; ஆசிரியர் பலகை அருகே போனால் அவருடைய தலை படத்தின் மேல் விழும்; வகுப்பைப் பார்த்துத் திரும்பினால் ஒளி கண்ணில் குத்தும். நம் ஊரில் கூரை மின்விசிறியும் குறுக்கே வரும். விசிறி இறக்கை ஒளிக்கற்றையை வெட்ட, படம் படபடவென்று துடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

குறுந்தூரப் புரொஜெக்டர் இதற்குத்தான் பிறந்தது. அகன்ற கோண வில்லையும் வளைந்த ஆடியும் சேர்ந்து அதே 1.7 மீட்டர்ப் படத்தைச் சுமார் 85 செ.மீ. தூரத்திலிருந்தே விரித்துவிடும். மீக்குறுந்தூர வகைக்கு 50 செ.மீ. கூடப் போதும். கருவி பலகைக்கு மேலேயே, சுவரில் பதித்த கையில் தொங்கும். நிழல் ஆசிரியரின் காலடிக்கு ஒதுங்கிவிடும். இதை நான் சிறிய முன்னேற்றமாக நினைக்கவில்லை: பலகை முன் நின்று பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அந்த இடத்தை அது திருப்பிக் கொடுத்தது.

பேனா வந்த கதை

கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1991-இல் தொடுதலை உணரும் வெள்ளைப்பலகையைக் கொண்டுவந்தது. அதில் பலகை தனி, புரொஜெக்டர் தனி. 2007 இறுதியில் அமெரிக்க ஆய்வு மாணவர் ஜானி சங் லீ, வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியையும் அகச்சிவப்பு ஒளி தரும் ஒரு பேனாவையும் வைத்து எந்தச் சுவரையும் ஊடாடும் பலகை ஆக்கலாம் என்று ஒரு காணொளியில் காட்டினார். உலகெங்கும் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். 2010 வாக்கில் எப்சன் போன்ற நிறுவனங்கள் அகச்சிவப்புக் கேமராவைக் குறுந்தூரப் புரொஜெக்டருக்குள்ளேயே வைத்துவிட்டன. பேனா முனையின் ஒளியைக் கேமரா பார்க்கிறது. கணினி அதைச் சுட்டியின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. சாதாரண வெள்ளைப்பலகையே போதும். தனியாக விலையுயர்ந்த பலகை வேண்டாம். இந்த வகைக் கருவியின் உண்மையான பலம் இதுதான்.

பலவீனங்கள் பயன்படுத்தத் தொடங்கிய பின்பே தெரியவரும். ஒளி மிகச் சாய்வாக விழுவதால் சுவரின் சிறு மேடுபள்ளமும் படத்தில் பெரிய வளைவாகத் தெரியும். பொருத்திய கை சற்று அசைந்தாலும் பேனா எழுதும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் இன்னொன்று என்றாகும். மறுபடி புள்ளிகளைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஐந்து நிமிடம் இதில் போனால், அந்த ஆசிரியர் அடுத்த வாரம் கருவியைத் தொடமாட்டார். தூசு வடிகட்டியை யாராவது கழற்றித் துடைக்க வேண்டும். விளக்கின் ஆயுள் 4,000 மணி என்று பெட்டியில் போட்டிருந்தால், அது ஒளி பாதியாகக் குறையும் வரையான காலம். நாளுக்கு 4 மணி, ஆண்டுக்கு 200 நாள் என்றால் ஐந்து ஆண்டு. ஆனால் சன்னல் வெளிச்சத்தோடு போட்டியிடும் வகுப்பில் அதற்கு முன்பே படம் வெளிறிவிடும். மாற்று விளக்குக்கான பணம் பெரும்பாலும் முதல் ஒதுக்கீட்டில் இருப்பதில்லை. பிறகு வந்த லேசர் வகை சுமார் 20,000 மணி உழைக்கும், விலையும் அதற்கேற்ப.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழகம் நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டில் இருந்தது. அந்த ஆண்டுகளில் வாங்கிய எந்தப் படக்கருவியும் தன் முழுத் திறனைக் காட்டியிருக்க வாய்ப்பில்லை.

எண்ணிக்கையும் எழுதும் கையும்

கேரளம் 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளைக் கணினி, புரொஜெக்டர் வசதிக்குள் கொண்டுவந்தது. அங்கு அதற்கு முன்பே, 2001 முதல், ஐடி@ஸ்கூல் வழியாக ஆசிரியர் பயிற்சி நடந்துகொண்டிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தமிழகம் 2021-22 திருத்த வரவுசெலவுத் திட்டத்தில் 865 பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறைகளை அறிவித்தது. 2024-இல் தொடக்கப் பள்ளிகளுக்கான எண்ணிக்கை 22,931 என்று உயர்ந்தது. இவற்றையும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களையும் அமைக்கும் 1,076 கோடி ரூபாய் ஒப்பந்தம் கேரள அரசின் கெல்ட்ரானுக்குக் கிடைத்தது. இதற்கிடையே உலகச் சந்தையில் தொடுதிரைப் பலகைகளின் விலை இறங்கி, வெயிலில் வெளிறாத அவை புரொஜெக்டரின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன.

கருவி வாங்குவது கற்றலைக் கூட்டுமா? லண்டன் பள்ளிகளில் ஊடாடும் பலகைகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, பாடத்தின் வேகம் கூடியதையும் தேர்வு மதிப்பெண்ணில் தெளிவான பயன் தெரியாததையும் சேர்த்தே சொன்னது. வேகம் கூடுவது மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு நன்மையா என்பதும் சந்தேகமே.

இதற்கு ஒப்பிடத்தக்க நம் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை தீட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம். செலவு, கறுப்புச் சாயமும் சாக்பீசும். அந்த முறைக்கும் குறைகள் இருந்தன. ஆனால் எத்தனை கைகள் ஒரே நேரத்தில் எழுதின என்ற கணக்கில் குறுந்தூரப் புரொஜெக்டர் அதன் அருகில் வராது. இதன் பேனா ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் அது ஆசிரியரின் கையிலேயே இருக்கும்.

ஆனாலும், சாக்பீசால் முடியாத வேலை உண்டு. காஞ்சிப் பட்டின் உருவமைப்பு முதலில் கட்டமிட்ட தாளில் வரையப்பட்டு, பிறகு ஜக்கார்டு அட்டையில் துளைகளாகிறது. ஒரு கட்டத்தை நிரப்பினால் ஒரு துளை. மயிலையோ அன்னத்தையோ பலகை முழுக்கப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக எண்ணி, பிரதிபலிப்பையும் பின்னத்தையும் அதிலேயே கற்றுத்தர ஊடாடும் படக்கருவி மிகப் பொருத்தமானது. ஓரிக்கைப் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தாள் வீட்டிலேயே கிடக்கும் பொருள். அத்தகைய பாடத்தைத் தயாரிக்க ஆசிரியருக்கு ஒரு வாரமும், பழுதானால் வந்து பார்க்க ஓர் ஆளும் வேண்டும். கருவிக்கான ஒப்பந்தத்தில் இவை இரண்டையும் முதலிலேயே எழுதிவிடலாம்.