ஒரு காடும் மூன்று நூல்களும்

நினைவு, ஆய்வு, கற்பனை ஆகிய மூன்றில் எதைக் கொண்டு நாவலாசிரியன் எழுதுகிறான் என்ற கேள்விக்கு எமது நாட்டிலேயே ஓர் அரிய சான்று உண்டு. அது லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1913 இல் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் நாவல். சிங்கள வாசகர்கள் அதனைப் 'பெத்தேகம' என்ற பெயரில் நன்கறிவர்.

வூல்ஃப் 1904 இன் இறுதியில் இலங்கை வந்தார். முதலில் யாழ்ப்பாணக் கச்சேரி, பின்னர் கண்டி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர் என்பது அவரது பணி வரலாறு. தமிழும் சிங்களமும் கற்ற அவர், நீதவானாகவும் வழக்குகளை விசாரித்தார்.

அப்பதவியில் இருப்போர் நாள்தோறும் உத்தியோக நாட்குறிப்பு எழுதவேண்டும் என்பது விதி. உப்புச் சேகரிப்பு, மாட்டுக் கொள்ளைநோய், சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதி என மாவட்டத்தின் நிர்வாகம் முழுவதும் அவரது குறிப்புகளில் உண்டு. ஆய்வாளருக்கு அது பெரும் புதையல். ஆனால் அங்கே பேசுபவர் அதிகாரியே. சேனைக்கு அனுமதி கேட்டு நிற்கும் ஏழை, பேசப்படும் பொருள் மாத்திரமே.

1911 இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்ற வூல்ஃப், மறு ஆண்டு பதவியைத் துறந்தார். அங்கிருந்து எழுதிய நாவலில் இந்த ஒழுங்கு தலைகீழானது. சிலிந்து என்ற வேட்டைக்காரனும் அவன் புதல்வியர் இருவரும் நடுவில் நிற்கிறார்கள். ஊர்த் தலைவனின் பகையும் முதலாளியின் கடனும் அக்குடும்பத்தை நெரிக்கின்றன. வெள்ளைக்கார நீதவானோ ஓரத்தில் வந்துபோகும் ஒருவர். பொய்வழக்கில் சிக்கியவனுக்கு, தன் மனத்தில் ஐயம் எழுந்தபோதிலும், சாட்சியத்தின்படி அவர் தண்டனை விதிக்கிறார். விசாரணை நடக்கும் ஆங்கிலமோ குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குப் புரியவில்லை.

நீதிமன்றச் செய்திகளைப் பல்லாண்டு எழுதியவன் என்ற வகையில் இவ்விடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவதுண்டு. சாட்சியத்தையும் தீர்ப்பையும் பத்திரிகை பதிவு செய்யும். கூண்டில் நிற்பவனின் செவியில் அவை எவ்வாறு விழுந்தன என்பதைப் பதிவு செய்ய ஆவணம் எதுவும் கிடையாது. அதனைக் கற்பனையே தரவேண்டும். ஆனால் நீதவான் ஆசனத்தில் அமர்ந்த நினைவு இல்லாதவரின் கற்பனை அவ்வளவு தூரம் சென்றிருக்குமா என்பது ஐயமே.

அரை நூற்றாண்டின் பின் 1961 இல், 'வளர்தல்' என்ற தன்வரலாற்று நூலில் வூல்ஃப் இதே ஆண்டுகளை மீண்டும் எழுதினார். நாட்குறிப்புகளும் 1960களில் அச்சேறின. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் நாவலைத் திரைப்படமாக்கினார்.

மூன்று நூல்களையும் அருகருகே வைத்து வாசியுங்கள். நாட்குறிப்பு ஆட்சியைக் காட்டுகிறது. தன்வரலாறு ஆண்டவரின் மனச்சாட்சியைக் காட்டுகிறது. ஆளப்பட்டவரின் பசியையும் அச்சத்தையும் நாவல் ஒன்றே சொல்கிறது. போரின் ஆவணங்களைத் தேடித் தொகுக்கும் எம்மவர் நாவலையும் புறந்தள்ளலாகாது என்று நான் கருதுவது இதனாலேயே.