சுவர், திறப்பு, நிரப்பு: கணினி மாதிரியில் சன்னலின் வரலாறு

கட்டடங்கள் கையால் வரையப்பட்ட காலத்தில் சன்னல் என்பது சுவர்க்கோட்டை அழித்து இடப்பட்ட சில கோடுகளாக மட்டுமே இருந்ததால், அதன் அகலம் மாறும்போதெல்லாம் தரைப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம் ஆகியவற்றைத் தனித்தனியே திருத்த வேண்டியிருந்தது. ஒருமுறை செய்யும் மாற்றம் எல்லாப் படங்களிலும் தானே பரவ வேண்டும் என்னும் கருத்தை, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இல் முன்வைத்தார். 1982இல் புடாபெஸ்டில் தொடங்கப்பட்ட கிராபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்க்கிகேட், 2000இல் வெளிவந்த ரெவிட் ஆகிய மென்பொருள்கள் அக்கருத்துக்குச் செயல்வடிவம் தந்தன. அவற்றில் சன்னலை வைத்தவுடன் அதற்குரிய திறப்பு சுவரில் தானே வெட்டப்பட்டது.

இத்தகைய மென்பொருள்களுக்கிடையே கட்டட மாதிரிகளைப் பரிமாற உருவாகி, 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்னும் பன்னாட்டுத் தரமாக வெளியான ஐஎஃப்சி, சுவர், அதைத் துளைக்கும் திறப்பு, அத்திறப்பை நிரப்பும் சன்னல் ஆகிய மூன்றையும் தனிப்பொருள்களாகக் கொண்டு, அவற்றின் உறவுகளையும் வரையறுத்தது.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போதுதான் இப்பகுப்பின் அருமை புலப்படுகிறது. இடிக்கப்பட வேண்டியதாகக் குறிக்கப்பட்ட சன்னலின் இடத்தை ரெவிட், மூலச்சுவரின் அடுக்குகளையே கொண்ட நிரப்புச்சுவரால் தானே அடைத்துவிடுகிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய கருங்கற்சுவரில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு திறப்பு அடைக்கப்படுமாயின், நிரப்பின் வகையை மாற்றி அவ்வேறுபாட்டைப் பதிவுசெய்வது மாதிரியாளரின் கடமையாகும். இல்லையேல் பொருட்கணக்கும் மதிப்பீடும் பிழையாகவே முடியும்.