மூன்று பெட்டிகளின் கதை

சினிமாக்காரர்களுக்குக் கோபிசெட்டிபாளையம் என்றால் பச்சை வயல், வாய்க்கால், தென்னை மரம். தமிழ்நாடு முழுக்க டிவியில் எத்தனையோ தடவை ஓடிய வயல் அது. ஆனால் அதே கோபியில் மழை கொஞ்சம் பலமாகப் பிடித்தால் போதும், டிவியில் வயலும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது. வெறும் புள்ளிதான்! உடனே கேபிள்காரருக்குப் போன் போகும்.

"ஏனுங்க, காலைல இருந்து படமே வர்றதில்லீங்களே?"

"மேல இருந்தே வரலீங்க. நாங்க என்னங்க பண்றது?"

இந்த "மேல" எங்கே இருக்கிறது? அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களிடம் எப்படிப் புகார் சொல்வது? கடந்த முப்பது வருடங்களில் நம் வீடுகளுக்குள் வந்த மூன்று பெட்டிகளின் வரலாற்றைப் புரட்டினால், மூன்றிலும் வாடிக்கையாளர் கேட்டது இதே கேள்வியைத்தான். ஒன்று கேபிள், இரண்டாவது பிராட்பேண்ட் மோடம், மூன்றாவது பலரும் மறந்தே போன சாட்டிலைட் ரேடியோ.

முதல் பெட்டி: கேபிள்

கேபிளுக்கு முன்னால் கொங்கு வட்டாரத்து மாடிகளில் நீளக் குழாயில் கட்டிய ஆன்டெனா நின்றது. அதைக் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் இருக்கும் திசை பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். காற்றடித்தால் திரும்பிக் கொள்ளும். ஒருவர் மாடி ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழே இருந்து "தெரியுது... தெரியுது... போச்சு!" என்று கத்துவார். தொல்லைதான். ஆனால் அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. பாதி ரிப்பேர் வீட்டுக்காரர் கையிலேயே இருந்தது.

1991ல் வளைகுடாப் போரை சிஎன்என் நேரடியாகக் காட்டியபோது இந்திய நகரங்களில் டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அப்புறம் சொல்லவா வேண்டும்? மின்கம்பத்திலும் தென்னை மரத்திலும் கட்டிய கறுப்பு ஒயர் தெருத்தெருவாக ஓடியது.

சட்டம் ஒயருக்குப் பின்னால்தான் வந்தது. 1994ல் அவசரச் சட்டம், 1995ல் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் ஒழுங்குமுறைச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி கேபிள் ஆபரேட்டர்கள் பதிவு செய்துகொண்ட இடம் எது தெரியுமா? தலைமை அஞ்சலகம்! போஸ்ட் ஆபீஸில் படிவம் கொடுத்து, கட்டணம் கட்டினால் பதிவு முடிந்தது. ஆனால் படம் தெரியவில்லை என்று போஸ்ட்மாஸ்டரிடமா போய் நிற்க முடியும்?

இதில் ஒரு வணிகவியல் பாடமும் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டாவது ஒயர் இழுக்க முழுச் செலவு ஆகும். ஆனால் கிடைக்கும் வாடிக்கையாளர்கள் பாதிதான். அதனால் பெரும்பாலும் ஒரு தெருவுக்கு ஒரே கேபிள்காரர்தான் நின்றார். பிடிக்கவில்லை என்றால் கடையை மாற்று என்பதெல்லாம் மளிகைக்குத்தான் பொருந்தும், கேபிளுக்குப் பொருந்தாது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் மட்டும் "காஸ்" என்ற முறை வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட் டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். சென்னை மக்களில் பலர் பாக்ஸ் வாங்கவில்லை, இலவசச் சேனல்களே போதும் என்று இருந்துவிட்டார்கள். கோபி போன்ற ஊர்களில் பழைய கதையே தொடர்ந்தது.

2004 ஜனவரியில் கேபிள் துறை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராய்" கைக்கு வந்தது. முதல் வேலையாக டிராய் கட்டணத்தை உறைய வைத்தது. 2003 டிசம்பர் 26 அன்று என்ன கட்டணமோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. நல்ல உத்தரவுதான். ஆனால் ரசீதே கொடுக்காத தொழிலில், அன்றைக்கு என்ன கொடுத்தோம் என்று ஒரு வீட்டுக்காரர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

தமிழ்நாட்டில் இன்னொரு மருந்தும் முயன்று பார்க்கப்பட்டது. 2007ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 2008ல் தஞ்சாவூரில் தொடங்கி, கோவை உட்பட சில ஊர்களுக்கு வந்து, பிறகு படுத்துவிட்டது. 2011 செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய் என்று மறுபடியும் எழுந்தது. 70 ரூபாய் என்றதும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் உண்மையிலேயே மூச்சு விட்டன. ஆனால் ஆரம்பத்தில் அதில் இலவசச் சேனல்கள்தான். சன் டிவி போன்ற கட்டணச் சேனல்கள் பிறகுதான் வந்தன. சீரியல் பார்க்கும் வீட்டில் 70 ரூபாய் மிச்சத்தைவிடச் சண்டைதான் அதிகம்!

2019 பிப்ரவரி 1 முதல் டிராயின் புது முறை வந்தது. 100 சேனல்களுக்கு 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டியபோது பல வீடுகளில் பில் ஏறியது. 2022 நவம்பரில் மென்பொருள் தகராறில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் இருண்டன. அன்றைக்கும் உள்ளூர் ஆபரேட்டர்கள் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான். "மேல இருந்தே வரலீங்க."

இரண்டாவது பெட்டி: மோடம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. டெலிபோன் வழியே "கீ...கொர்ர்" என்று கத்திக்கொண்டு இணையும் டயல்-அப் காலம் அது. நெட்டில் இருந்தால் போன் வராது, போன் வந்தால் நெட் இருக்காது.

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. குறைந்தது 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் "டேட்டாஒன்" வந்தது. சின்ன ஊர்களில் டெலிபோன் லைன் ஏற்கெனவே இருந்ததால், அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்டும் வந்து சேர்ந்தது. இது பெரிய விஷயம். தனியார் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் அந்தக் கம்பி போயிருந்தது.

சிக்கல் எங்கே இருந்தது? அளவில். 250 ரூபாய் திட்டத்தில் மாதம் 400 எம்பி. 500 ரூபாய் திட்டத்தில் 1 ஜிபி. அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. 500 ரூபாய் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கு இல்லை. அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கிய ஒரு தலைமுறையே இருக்கிறது. 2008க்குப் பிறகு மின்வெட்டு மோசமான வருடங்களில், 90 சதவீதத்தில் கரண்ட் போய் எல்லாம் பாழாகும். அந்த வயிற்றெரிச்சல் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

2007 ஜனவரி 1 முதல் பிஎஸ்என்எல் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 256 கேபிபிஎஸ் வேகத்தில் முழு மூச்சாக இறக்கினால் 1 ஜிபி தீர 9 மணி நேரம் ஆகும். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 70 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். 400 எம்பி என்றால் அரை மணி நேரம் கூடத் தாங்காது. வண்டியின் வேகம் எட்டு மடங்கு, பெட்ரோல் டேங்க் மட்டும் அதே அளவு! வைரஸோ, தானாக ஓடும் அப்டேட்டோ புகுந்தால் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்குள் பில் எகிறிவிடும்.

பில்லைப் பார்த்து அதிர்ந்தவர் எக்ஸ்சேஞ்சுக்குப் போனால், "கம்ப்யூட்டர் கணக்குங்க, நாங்க மாத்த முடியாதுங்க" என்பார்கள். மறுபடியும் "மேல"தான்.

மூன்றாவது பெட்டி: வானத்து ரேடியோ

இதுதான் மூன்றிலும் சோகமான கதை.

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990ல் "வேர்ல்ட்ஸ்பேஸ்" நிறுவனத்தைத் தொடங்கினார். செய்தியும் கல்வியும் எட்டாத ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கு வானத்திலிருந்து ரேடியோ கொடுப்பது அவர் கனவு. 1998ல் ஆப்ரிஸ்டார், 2000 மார்ச்சில் ஆசியாஸ்டார் என்று இரண்டு செயற்கைக்கோள்கள் ஏறின.

நம் பக்கம் இதைக் கேட்க ஒரு தனி ரிசீவர் வாங்க வேண்டும். அதோடு வரும் சின்ன ஆன்டெனாவைக் கிழக்கு வானம் பார்த்து வைக்க வேண்டும். வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிலுக்குக் கிடைத்தது 24 மணி நேர இசை. தமிழுக்கு "கேஎல் ரேடியோ". கர்நாடக சங்கீதத்துக்கு "ஸ்ருதி". கோவையின் எஃப்எம் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபிக்கு வரும்போது இரைச்சலோடுதான் வரும். ஆனால் செயற்கைக்கோளுக்குச் சென்னையும் ஒன்று, சிறுவலூரும் ஒன்று. ஏ.ஆர்.ரஹ்மானே விளம்பரத் தூதரானார்.

சட்டம் மட்டும் வரவில்லை. சாட்டிலைட் ரேடியோவுக்குக் கொள்கை வேண்டும் என்று 2005லேயே டிராய் பரிந்துரை செய்தது. கொள்கை முடிவாகவில்லை. ஓடும் காரில் கேட்கத் தரையில் ரிப்பீட்டர்கள் வேண்டும், அதற்கான அனுமதியும் அதனால் தொங்கியது. அதே காலத்தில் அமெரிக்காவில் எக்ஸ்எம், சிரியஸ் என்ற இரண்டு சாட்டிலைட் ரேடியோக்கள் 2008ல் இணைந்தபோது, மூன்று வருடம் சந்தாவை ஏற்றக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அங்கே அனுமதித்தார்கள். இங்கே நிபந்தனை போட விதியே இல்லை.

2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. அப்போது உலகம் முழுக்க இருந்த சுமார் 1.7 லட்சம் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். நிறுவனத்தை வாங்க வந்தவர் இந்தியச் சந்தா வியாபாரம் வேண்டாம் என்றார். 2009 டிசம்பர் 31 அன்று இந்தியாவில் சேவை நின்றது.

முன்கூட்டிப் பெற்ற வருமானம் என்று கணக்குப் பதிவியலில் ஒரு தலைப்பு உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் அது வருமானமாக வராது, பொறுப்பாகத்தான் வரும். அதாவது வருடச் சந்தா கட்டியவர் உண்மையில் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர். பாட்டுக் கேட்கத்தான் காசு கட்டினோம் என்று நினைத்தவர்கள், திவால் வந்த அன்றுதான் தாங்கள் கடன்காரரை அமெரிக்காவில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்கள். ரிசீவரோ வேறு எந்த ரேடியோவையும் பிடிக்காது. ஒரே ராத்திரியில் அது காகிதம் பறக்காமல் இருக்க வைக்கும் கல் ஆனது.

2009: மூடிய கதவு

அதே 2009 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கேரளத்தில் ஒருவரின் டெலிபோன் இணைப்பு பில் தகராறில் துண்டிக்கப்பட்டது. கோழிக்கோடு நுகர்வோர் மன்றம் இணைப்பைத் திரும்பக் கொடுத்து 5000 ரூபாய் நஷ்டஈடும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றமோ, 1885ம் வருடத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி டெலிபோன் பில் தகராறுகள் நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்றது. நடுவரை நியமிப்பது யார்? மத்திய அரசு!

இப்போது வாடிக்கையாளரின் நிலையைப் பாருங்கள். டிராய்க்குப் போனால் தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால், தனிநபர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகட்டும் என்று டிராய் சட்டமே சொல்கிறது. நுகர்வோர் மன்றத்துக்குப் போனால், 2009 தீர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவிடம் கேட்டால் அப்பாவைக் கேள், அப்பாவிடம் கேட்டால் அம்மாவைக் கேள் என்கிற கதைதான். சில நூறு ரூபாய் பில்லுக்காக இந்தச் சுற்றுச் சுற்ற யாருக்குப் பொழுது இருக்கிறது? பலர் காசைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனத்தைத் திருப்தி என்று கணக்கெழுதிக் கொள்வது நிறுவனங்களுக்குச் சுலபம்.

திறந்த கதவு

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பையும் சேவைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2022 பிப்ரவரி 16 அன்று வோடபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்திச் சட்டத்தில் நடுவர் இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது என்று தெளிவாகச் சொன்னது. பழைய நிலை மாறப் பன்னிரண்டரை வருடம் ஆகியிருக்கிறது.

புதுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. புகார் செய்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் எங்கே இருந்தாலும் சரி. கோபிக்காரருக்கு அது ஈரோடு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவும் புகார் கொடுக்கலாம். "மேல" இருப்பவரை ஈரோட்டுக்கு இறக்கிக் கொண்டுவர ஒரு வழி கிடைத்திருக்கிறது.

இருந்தாலும் பாதிதான் முடிந்திருக்கிறது. அதிருப்தியான வாடிக்கையாளருக்கு இரண்டே ஆயுதங்கள், ஒன்று குரல் கொடுப்பது, இன்னொன்று வெளியேறுவது என்று பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970லேயே எழுதினார். மொபைலில் 2011 ஜனவரி முதல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். அது வெளியேறும் உரிமை. கேபிளிலும் டிடிஎச்சிலும் ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொன்றில் ஓட வேண்டும் என்று டிராய் 2020ல் பரிந்துரைத்தது. இன்றுவரை அது வீடுகளுக்கு வந்து சேரவில்லை. கம்பெனியை மாற்றினால் பழைய பாக்ஸ் பரணுக்குத்தான் போகிறது, வேர்ல்ட்ஸ்பேஸ் ரிசீவருக்குப் பக்கத்தில்.

அதனால் இனி புதிதாக எந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்தாலும் வேகம் எவ்வளவு, சேனல் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை மாதக் காசை முன்னாலேயே கட்ட வேண்டும்? கம்பெனியை மாற்றினால் இந்தப் பெட்டி எதற்கு உதவும்? கட்டியதற்கு ரசீது உண்டா?

மூன்றாவதுதான் முக்கியம். ஈரோட்டில் கதவு திறந்தே இருந்தாலும், கையில் ரசீது இல்லாமல் போனால் அங்கே பேச எதுவும் இருக்காது.