அரங்கேற்றமும் பிரதிபேதமும்

பெரிய இணையத்தளங்களில் எழுதியவர் தாமே தம் பக்கத்தை வெளியிட்டுவிட இயலாது. வரைவை மற்றொருவர் பார்த்து ஒப்பினால்தான் அது வாசகருக்குக் கிட்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவும் உடன் நிற்கும். இதைக் கணினி தந்த புதுமை என்று நாம் கருதுவதுண்டு. தமிழ் நூல் வரலாற்றில் இதற்கு நீண்ட முன்கதை இருக்கிறது.

நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. இதை வரலாறாகக் கொள்வதா, மரபாகக் கொள்வதா என்பது வேறு வினா. இயற்றுபவர் வேறு, ஏற்பவர் வேறு என்ற பாகுபாடு அத்துணைப் பழமையானது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

ஆனால் அரங்கேற்றம் ஒருமுறை நிகழ்வது. அதன்பின் ஏடு பெயர்த்தெழுதியவர்களை எந்த அவையும் கேள்வி கேட்கவில்லை. ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. ஒருவர் பிழையாகப் படித்தார். அடுத்தவர் அப்பிழைக்குப் பொருள் வரும்படி திருத்தினார். திருத்தியவர் பெயரும் இல்லை, பழைய பாடமும் இல்லை.

உ.வே.சாமிநாதையர் எதிர்கொண்டது இக்குழப்பத்தையே. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட அவர், பல ஏடுகளை ஒப்புநோக்கி ஒரு பாடத்தைத் தேர்ந்து, ஏனையவற்றைப் பிரதிபேதமாகக் காட்டும் முறையைத் தம் பதிப்புகளில் வளர்த்தெடுத்தார். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல சிதைந்து கிடைத்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருக்கு விடுபட்ட சீர்களை இட்டு நிரப்புவது அரிய செயலன்று. நிரப்பியிருந்தால் கண்டுபிடித்திருப்பாரும் சிலரே. அவர் நிரப்பவில்லை. அதனால்தான் பின்வந்த ஒளவை துரைசாமிப் பிள்ளை போன்ற உரையாசிரியர்கள் மாறுபட்ட பாடங்களை எடைபோட முடிந்தது. ஏற்பதும் மறுப்பதும் அவையின் உரிமையாயிருந்த நிலை மாறி, வாசகரிடமும் வந்து சேர்ந்தது.

ஐயரவர்கள் பெயரால் 1943இல் அடையாறில் தொடங்கிய நூல்நிலையம் பின்னர் பெசன்ட் நகரில் நிலைபெற்றது. அங்கு அவருடைய ஏட்டுச் சுவடிகள் காக்கப்படுகின்றன. அவர் தேர்ந்த பாடத்தில் ஐயம் எழுந்தால் மூலத்திடமே சென்று கேட்கலாம் என்பது சிறிய பேறன்று.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இம்மரபை மின்னூலுக்குக் கொண்டுவந்தது. தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பதை அதன் மின்னூல்கள் முகப்பிலேயே கூறுகின்றன. அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டு உலவும் பக்கங்களில் பலவற்றுக்கு அந்த முகப்பு இல்லை. வகுப்பில் இணையப் படியோடு வரும் மாணவரிடம், இது எவர் பதிப்பு என்று கேட்கிறோம். பெரும்பாலும் விடை வருவதில்லை. பெயரில்லாமல் ஏடு திருத்திய காலத்துக்கே மீண்டும் நடந்துகொண்டிருக்கிறோமோ என்ற அச்சம் நமக்கு எழுவது அப்போதுதான்.