யு-852: ஒரு பயணமும் ஒரு வழக்கும்

யு-852 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தன் வாழ்நாளில் ஒரேயொரு போர்ப் பயணமே சென்றது. 1944 ஜனவரியில் கீல் துறைமுகத்தினின்றும் இந்து சமுத்திரத்தை நோக்கிப் புறப்பட்ட அதற்குத் தளபதி, இருபத்தேழு வயதினனான ஹைன்ஸ் எக்.

மார்ச் 13ஆம் திகதி இரவு, அத்திலாந்திக்கில், பெலியுஸ் என்ற கிரேக்க சரக்குக் கப்பலை அது டோர்ப்பிடோ எறிந்து மூழ்கடித்தது. யுத்தத்தில் இது புதுமையன்று. அதன் பின் நடந்ததே கொடுமை. மிதவைகள் எதிரி விமானங்களின் கண்ணிற் பட்டால் தனக்கு ஆபத்து என்று கருதிய எக், அவற்றை அழிக்கக் கட்டளையிட்டான். மிதவைகளில் மாலுமிகள் தொற்றிக்கொண்டிருந்தனர். இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. கையெறி குண்டுகளும் வீசப்பட்டன. மிதவைகளோ மூழ்கவில்லை! மாண்டவர்கள் மனிதர்களே. ஒரு மாதத்துக்கு மேல் கடலில் அலைந்த மூவரை மட்டும் ஒரு போர்த்துக்கேயக் கப்பல் மீட்டது.

மே மாதத்தில் பிரித்தானிய விமானங்களின் தாக்குதலுக்கு இலக்காகி யு-852 சோமாலியக் கரையில் தரைதட்டியது. அழிக்கப்படாது எஞ்சிய கப்பற் குறிப்பேடு, பெலியுஸ் மூழ்கிய இடத்தையும் நாளையும் காட்டிக்கொடுத்தது.

1945 ஒக்டோபரில் ஹம்பேர்க் நகரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் ஐவரை விசாரித்தது. பொறுப்பு தன்னுடையதே என்றான் எக். ஏனையோர் ஆணைக்கு அடங்கினோம் என்றனர். இவர்களுள் பிரதம எஞ்சினியர் லென்ஸ் நம்மை வெகுநேரம் சிந்திக்க வைக்கிறான். ஆணை தவறென்று தளபதியிடமே நேரிற் சொன்னவன் அவன். ஆயினும், சுடுவதற்கு ஷ்வெண்டர் என்ற சாதாரண மாலுமி ஆயத்தமானபோது, அவனைத் தகுதியற்றவன் எனக் கருதி, துப்பாக்கியைப் பறித்துத் தானே சுட்டான். சாகப்போகிறவனுக்குச் சுடுபவனின் தராதரத்தால் ஆவதென்ன? அதிகாரி வர்க்கத்தின் 'கௌரவம்' மனச்சாட்சியை எவ்வளவு எளிதாக விழுங்கிவிடுகிறது! ஆயுதம் ஏந்தும் கடமையே இல்லாத கப்பல் வைத்தியனும் அன்று சுட்டிருந்தான்.

ஆணை என்ற வாதத்தை நிராகரித்தது வென்றவர்களின் சட்டம் மாத்திரமா? அன்று. 1918இல் யு-86, லாண்டவரி காசில் என்ற வைத்தியசாலைக் கப்பலை மூழ்கடித்து உயிர்காப்புப் படகுகளையும் சுட்டது. வெளிப்படையாகவே சட்டவிரோதமான ஆணை, கீழ்ப்படிந்தவனைக் காப்பாற்றாது என்று 1921இல் லைப்சிக்கில் தீர்ப்பளித்தவர்கள் ஜெர்மன் நீதிபதிகளே. இரு இளம் அதிகாரிகளுக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர்கள் விரைவிலே தப்பியோடினர். அத்தீர்ப்பு ஹம்பேர்க்கிலும் எடுத்துக்காட்டப்பட்டது.

எக்கும், அதிகாரி ஹொஃப்மனும், வைத்தியன் வைஸ்ஃபெனிக்கும் 1945 நவம்பர் 30ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டனர். லென்ஸுக்கு ஆயுட்சிறை; ஷ்வெண்டருக்குப் பதினைந்து ஆண்டுகள். இருவரும் 1950களின் தொடக்கத்திலேயே விடுதலையாகி வீடு சென்றனர்.